இரண்டு மாதக் கணக்கு

"சட்டம் அப்படிம்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஜீவனாம்சம் என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தது எங்கள் ஆபீஸ்தான். 5 மாதம் பாக்கி விழுந்ததும் வந்தாள். கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். பிள்ளையின் பழைய நோட்டில் கணக்கு எழுதி, மழைக்குப் பால் கவரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். பணம் வராத மாதத்துக்கு நேரே ஒரு சுழி.

வக்கீல் அன்று ஊட்டி கோர்ட்டில். குமாஸ்தா நான்தான் சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் சேரட்டும்மா, மொத்தமா போட்டுடலாம்." ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளுக்கு ஒரு நாள் கூலி போகுமே என்றுதான். மேஜையில் கட்டுக்கட்டாக வேறு வேலை கிடந்ததும் உண்மை.

அப்புறம் மழை, மண்சரிவு. மனு போட்டபோது பாக்கி 14 மாதம். பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டால்தான் வாரண்ட்; ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இப்போதைய புதுச் சட்டத்தின் 144, இரண்டிலும் மூன்றாம் உட்பிரிவு இதைத்தான் சொல்கிறது. இத்தனை வருடம் மனு டைப் அடித்தவனுக்குத் தெரியாததா? எதிர்த்தரப்பு வக்கீல் விரல்விட்டு எண்ணி இரண்டு மாதத்தைக் கழித்தார். 8,000 ரூபாய்.

சீக்கிரம் போட்டிருந்தால் மட்டும் வந்திருக்குமா? ஒரு மாத பாக்கிக்கு ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். உள்ளே இருந்தாலும் கடன் தீராது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் பிள்ளையின் அப்பன் பிக்கப் ஓட்டுகிறவன்; அவன் உள்ளே போனால் வண்டியை யார் ஓட்டுவது? பிறகு வந்த இன்னொரு பெண்ணுக்கு மூன்றே மாதத்தில் போடச் சொன்னேன். ஆள் உள்ளே போனான். "கொடுத்துட்டிருந்த ஐநூறும் போச்சு சார்" என்று என்னைத்தான் திட்டினாள். அந்தத் திட்டு இவள் வாயிலிருந்து வந்திருக்கலாம்.

கோர்ட் வராந்தாவில், ஏன் இரண்டு மாதம் குறையுது என்று இவள் கேட்டபோது, "நான் சொன்னதால" என்று வாயெடுத்து, "சட்டம் அப்படிம்மா" என்று முடித்தேன்.

"சட்டம்னா சரி சார்." நோட்டைப் பிரித்தாள். தேயிலைக் கறை ஏறிய விரல் முதல் இரண்டு சுழிகளில் நின்றது.

"பேனா இருக்கா சார்?"

கொடுத்தேன்.