ஜம்பிங் பலூன் வாங்கினேன், முளைக்கு அலைந்தேன்

உடுமலைப்பேட்டைக்கு அருகே ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான், கைக்குக் கொஞ்சம் கூடுதல் வருமானம் வரட்டும் என்று, பிறந்தநாள் வீடுகளுக்கும் கோயில் நோன்பிகளுக்கும், குழந்தைகள் ஏறிக் குதித்து விளையாடும் காற்றடைத்த ஜம்பிங் பலூன் வாடகைக்கு விடும் தொழிலைச் சென்ற ஆண்டு தொடங்கினேன். எந்தப் பலூன் என்று முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அதற்குக் கடன் வாங்கி, ஊர் கொண்டுவந்து சேர்த்து, தரையோடு பிணைத்து, காப்பீடும் எடுத்து முடிப்பதற்குள் ஐந்து மாதங்களும் எட்டு அரைநாள் விடுப்புகளும் கரைந்துபோயின.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான், ஆதாரோடு இணைந்த கைபேசி எண் மூன்றும் இருந்தால் அரைமணி நேர வேலை. இணையத்தில் தேடும்போது அரசுத் தளத்தின் நிறத்தையும் தோரணையையும் அப்படியே பூசிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும் தனியார் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியாவிட்டால் உடனே வெளியேறிவிடுங்கள். வாடகைத் தொழில் சேவைக் கணக்கில் வருவதால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை.

என் முதல் தவறு அந்த அரைமணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. தொழிலின் வகையைக் குறிக்கும் தேசிய வகைப்பாட்டு எண்ணைத் தேர்வு செய்யும் இடத்தில், கேளிக்கை என்ற பொருளில் தேடி, முதலில் வந்த 9321 என்பதை அழுத்திவிட்டேன். அது கேளிக்கைப் பூங்காக்களுக்கான எண். விளையாட்டுப் பொருள்களை வாடகைக்கு விடுவோருக்கு 7721 என்று தனியாக ஒன்று இருப்பது வங்கியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

சிறுதொழில் கடனுக்கான அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் என்று பிரித்திருக்கிறார்கள். பலூன், அதற்குக் காற்று ஊதும் புளோயர், வயர், தொடக்கச் செலவு எல்லாம் சேர்த்து எனக்கு 1,40,000 தேவைப்பட்டதால் கிஷோர் பிரிவில் விண்ணப்பித்தேன். முதல் முறை போனபோது கடன் அதிகாரி விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை என் உத்யம் சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்தவர், “தீம் பார்க் வைக்கிறீங்களா? இடத்துப் பத்திரம் எங்கே, ஃபயர் சர்வீஸ் சர்டிபிகேட் எங்கே?” என்றார். இடமே இல்லை, மடித்து மாடிப்படிக்குக் கீழே வைக்கக்கூடிய பலூன் என்று நான் விளக்க, “அப்போ பேப்பர்ல ஏன் பார்க்னு இருக்குது?” என்று திருப்பிக் கேட்டார். எரிச்சலாக இருந்தாலும் கேள்வி நியாயமானதே. இணையத்தில் எண்ணைத் திருத்தப் பத்து நிமிடம் ஆனது. கோப்பு மறுபடி மேசைக்கு வர மூன்று வாரம் ஆனது.

அடுத்த முட்டுக்கட்டை கொட்டேஷன். விற்பவர் டெல்லிக்காரர், வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டுத் தம் கடமை முடிந்ததாக நினைத்துவிட்டார். கடன் தொகை நேராக விற்பவரின் கணக்குக்கே போகும் என்பதால் அவருடைய ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு விவரம், முத்திரை, கையெழுத்து நான்கும் உள்ள அசல் தாளை வங்கி கேட்டது. அது வந்தபோது, ஆதாரில் விரித்து எழுதப்பட்டிருக்கும் என் தந்தையின் பெயர் தாளில் வெறும் இனிஷியலாகக்கூட இல்லை. மீண்டும் கூரியர். இந்தச் சிறு தொகைக்குப் பிணையாக வீட்டுப் பத்திரம் கிடைக்குமா என்று ஒருவர் மெல்ல விசாரித்ததையும் சொல்ல வேண்டும். முத்ரா கடனுக்குப் பிணையச் சொத்து கேட்கக் கூடாது என்பதை நான் பணிவாக நினைவூட்டிய பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ஆறாவது நடையில் கடன் ஒப்புதலானது.

சரக்கு கோவைக்கு வந்துவிட்டதாகப் பார்சல் அலுவலகத்திலிருந்து அழைத்ததும், குட்டியானை ஒன்றை வாடகைக்குப் பேசி, மகிழ்ச்சியோடு 70 கிலோமீட்டர் போனேன். லாரி ரசீதின் அசல் இல்லாமல் மூட்டையைத் தர முடியாது என்று குடோனில் மறுத்துவிட்டார்கள். பேக்கிங் கூலி 3,200 ரூபாய் பாக்கி என்று சொல்லி விற்பவர் அந்த ரசீதைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தார். கொட்டேஷனில் அப்படி ஒரு கூலியே இல்லை. வண்டி வெறுமனே திரும்பியது, 2,400 ரூபாய் போயிற்று. ரசீது வந்து சேர்வதற்குள் குடோன் வாடகையும் ஏறியிருந்தது. வண்டி பேசுவதற்கு முன் அசல் ரசீது கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் பணத்தோடும் நேரத்தோடும் போன தொல்லைகள். உறக்கத்தைக் கெடுத்தது பலூனைப் பிரித்துப் பார்த்த அன்றுதான் தொடங்கியது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, 80 கிலோவுக்கு மேல் எடை கொண்ட அந்தப் பொருளுக்கு நான்கு மூலைகளில் நான்கு வளையங்களும், தரையில் அடித்துக் கட்ட, குடை கட்டும் கம்பி போன்ற நான்கு முளைகளும் மட்டுமே இருந்தன. இவ்வகைப் பொருள்களுக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 14960 குறைந்தது ஆறு இடங்களிலாவது பிணைக்கச் சொல்கிறது. முளை 38 செ.மீ. நீளமும் 16 மி.மீ. தடிமனும் இருக்க வேண்டும். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் பலூனை இயக்கவே கூடாது. விற்பவரைக் கேட்டேன். “எல்லாரும் நாலுலதான் கட்டறாங்க சார்” என்பதுதான் கிடைத்த பதில்.

எல்லோரும் இருக்கும் ஊர் வேறு, உடுமலை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை இங்கே புகும் காற்றை நம்பித்தான் ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை எங்கள் ஊரில் யாரும் மிகைப்படுத்தலாக எடுத்துக்கொள்வதில்லை. 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில், திடீர்க் காற்று இதே போன்ற பலூனைத் தூக்கி எறிந்ததில் 6 குழந்தைகள் இறந்ததைப் படித்த பிறகு, அந்த நான்கு கம்பிகளையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன்.

பொள்ளாச்சியில் லாரித் தார்ப்பாய் தைப்பவர் ஒருவர், இரட்டைத் துணி வைத்துச் சூடுகாற்றில் ஒட்டி, மேலும் இரண்டு வளையங்களைப் பொருத்திக் கொடுத்தார். பட்டறையில் 16 மி.மீ. கம்பியை வெட்டி, நுனியைக் கூர்தீட்டி, தலையில் கொக்கி வளைத்து எட்டு முளைகள் செய்துகொண்டேன். எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். இத்தொழிலில் நான் செலவழித்ததிலேயே மனம் நிறைந்த செலவு அதுதான். முளையை நேராக அடிக்காதீர்கள். அதன் தலை பலூனை விட்டு விலகிச் சாய்ந்திருக்குமாறு சாய்வாக அடிக்க வேண்டும். கைக்கடக்கமான காற்றளவுக் கருவி ஒன்றையும் வாங்கினேன்.

முளை அடிக்க முடியாத சிமென்ட் தரைதான் அடுத்த சிக்கல். கல்யாண மண்டபங்களில் பெரும்பாலும் அதுவே. பிரிட்டனில் இத்தொழில் செய்வோர் ஒரு பிணைப்புக்கு 163 கிலோ எடை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் 200 லிட்டர் நீல டிரம்மில் நீர் நிரப்பினால் அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. ஆறு டிரம்முக்கு 1,200 லிட்டர் வேண்டும் என்றதும் முதல் மண்டபத்தின் காவலாளி குழாயைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்; அன்று தண்ணீர் லாரிக்கு 600 ரூபாய் கொடுத்தேன். இப்போது முன்பணம் வாங்கும்போதே தண்ணீருக்கும் 16 ஆம்பியர் பிளக்குக்கும் ஒப்புதல் வாங்கிவிடுகிறேன். ஒன்றரை எச்பி புளோயருக்கு மெல்லிய வயரை நீட்டினால் வயர் சூடாகும், காற்றும் குறையும், 2.5 சதுர மி.மீ. வயரே வாங்குங்கள். மின்சாரம் போனால் ஓரிரு நிமிடத்தில் பலூன் தொய்ந்துவிடும் என்பதால் வாசலில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

பலூனில் யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு கொடுக்க உதவும் காப்பீட்டுக்காக ஏறிய முதல் அலுவலகத்தில், பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று நான் சொன்னதும் ஒரு படிவத்தை நீட்டி, “என்ன கெமிக்கல் ஸ்டோர் பண்றீங்க?” என்று கேட்டார்கள். அது 1991ஆம் ஆண்டின் சட்டப்படி அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. இரண்டாவது அலுவலகத்தில், குழந்தைகள் குதிக்கும் பொருளுக்குக் காப்பீடே கிடையாது என்று முடித்துவிட்டார்கள். தொழிற்சாலை அல்லாத நிறுவனங்களுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு என்ற தனிப் பிரிவின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்ட பிறகுதான், மூன்றாவது இடத்தில் அது கிடைத்தது.

இப்போது ஒரு நாள் வாடகை 4,000 ரூபாய். வண்டிக்கும் துணைக்கு வரும் தம்பிக்கும் 1,500 போய்விடுகிறது. மாதம் நான்கு முன்பதிவு இருந்தால் கடன் தவணை கட்டி மீதி நிற்கிறது. ஆனி, ஆடியில் நிற்பதில்லை.

அந்த ஆனியில் ஒரு தோட்டத்து வீட்டுப் பிறந்தநாளில் காற்றளவுக் கருவி மணிக்கு 41 கிலோமீட்டர் காட்டியது. அரைமணி நேரம் காத்திருந்தும் குறையவில்லை. பலூனை விரிக்காமல் முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். குழந்தையின் தந்தை, “ஏனுங்க, காத்தடிக்கிற ஊர்ல காத்தடிக்குதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். அன்று மாலை அங்கே ஒன்றும் ஆகவில்லை, பந்தல் துணிகூடக் கிழியவில்லை. அடுத்த விசேஷத்துக்கு அவர் வேறொருவரை அழைத்துக்கொண்டார். மறுநாளே அச்சகத்துக்குப் போய், 38க்கு மேல் காற்று இருந்தால் பலூன் விரிக்கப்படாது, முன்பணம் திருப்பித் தரப்படும் என்ற வரியை ரசீதின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டு வந்தேன்.