ஏணிக்காரர்

"அவரை விடு, விளக்குக் கம்பத்தைப் பார்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு ஓவியப் பாடவேளை, மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கையில் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கையெபோத் 1877இல் வரைந்த 'பாரிஸ் தெரு, மழை நாள்' ஓவியத்தின் அச்சு. சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் மூலத்தின் அகலம் இரண்டே முக்கால் மீட்டர். என்னுடையது நாட்காட்டித் தாள் அளவு.

கம்பம் படத்தை இரண்டாகப் பிரிப்பது, வலது ஓரத்தில் ஒருவரின் உருவம் பாதியில் அறுபடுவது, விழும் துளிகளைக் காட்டாமல் கல்தரையின் பளபளப்பிலேயே மழையை வரவழைத்தது: வழக்கமாக நான் சொல்பவை இவைதாம். அந்தப் பையன் கேட்டது வேறு. "சார், பின்னால் ஏணி தூக்கிப் போகிறவர் நனைகிறாரே?"

அன்றைய பாடம் தொலைநோக்கு, அதாவது தட்டையான தாளில் தூரத்தைக் காட்டும் முறை. கோடுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை முடிக்காமல் ஏணிக்காரரிடம் போயிருந்தால் இன்னொரு வாரம் ஆகியிருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

ஆனால் கையெபோத் அதே ஆண்டில், கடை முகப்புக்கு வண்ணம் பூசும் தொழிலாளர்களை ஏணியோடு தனி ஓவியமாகவே வரைந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளை. புதிதாக எழுந்த அந்த அகன்ற தெருக்களில் யார் குடையோடு நடந்தார்கள், யார் ஏணியோடு நடந்தார்கள் என்று பார்த்திருக்கிறார். எனக்கு இது தெரியும். தெரிந்தும்தான் "அவரை விடு" என்றேன்.

மறுநாள் பரிகாரம் செய்வதாக எண்ணி அவனைத் தனியாக அழைத்துக் கேட்டேன்: "உன் அப்பா பெயிண்டரா?"

"இல்லை சார், மளிகைக் கடை. ஏணியைத் தூக்கிக்கொண்டு குடையும் பிடிக்க முடியுமா என்று யோசித்தேன், அவ்வளவுதான்."

முதல் நாள் பேச்சுக்கு நேரமின்மையைச் சாக்காகச் சொல்லலாம். இந்தக் கேள்விக்கு என்ன சாக்கு? படத்தில் முன்னால் குடையோடு வரும் தொப்பிக்காரரைப் பற்றிக் கேட்ட எந்த மாணவனிடமும் அப்பாவின் தொழிலை நான் விசாரித்ததில்லை. அக்கறையில் கேட்டேன் என்பதும் பொய்யில்லை.

அவன் இப்போது வகுப்பில் எதுவும் கேட்பதில்லை. முன்பும் அதிகம் கேட்டவனில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பரணுக்கு ஏறும் ஏணியைத் தோளில் வைத்து, மறு கையில் குடையை விரித்து நடந்து பார்த்தேன். நான்கு அடி போகலாம். அதற்குள் ஏணி சாய்கிறது.