ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பஸ்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

ஆபீஸுக்குப் போகிற வழிதான் பாஸ்டன் சிட்டி ஹால் பிளாசா. 1974-இல் இதே தேதி, கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்க ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைப் பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்பும் திட்டத்தை எதிர்த்து இங்கே பெருங்கூட்டம். பேச வந்த செனட்டர் டெட் கென்னடி மேல் தக்காளி, முட்டை. வீசியது அவருடைய சொந்த ஐரிஷ் கத்தோலிக்க ஜனம். தப்பித்துப் புகுந்த கட்டடத்தின் கண்ணாடியையும் நொறுக்கினார்கள். அந்தக் கட்டடத்துக்கு அவர் அண்ணன் ஜான் கென்னடியின் பெயர்.

செப்டம்பர் 12, வியாழன்

1974-இல் அந்த பஸ்கள் ஓட ஆரம்பித்த அன்றைக்கும் வியாழக்கிழமைதான். கறுப்பினப் பிள்ளைகளை வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது நகரப் பள்ளிகளை நடத்தும் கல்விக் குழு என்று ஜூன் 21-இல் நீதிபதி கேரிட்டி தீர்ப்புச் சொல்லியிருந்தார். கறுப்பினத்தார் பேட்டையான ராக்ஸ்பரியின் பிள்ளைகள் ஐரிஷ் வெள்ளையர் பேட்டையான சவுத் பாஸ்டனுக்கு, அங்கிருந்து பிள்ளைகள் ராக்ஸ்பரிக்கு. முதல் நாளே பஸ் மேல் கல்.

எதிர்த்தவர்கள் சொன்னது: “கட்டாய பஸ் வேண்டாம், பக்கத்துப் பள்ளி போதும்.” பஸ்ஸில் என்ன இருக்கிறது? நானே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு படிக்கப் போனவன். 1965-இல், வெள்ளையர் பள்ளிகளில் காலியாகக் கிடந்த இடங்களுக்கு ராக்ஸ்பரி பெற்றோர் தாங்களே காசு திரட்டி பஸ் விட்டார்கள். கல்விக் குழு பஸ்ஸுக்குக் காசு தர மறுத்தது. அதில் கட்டாயம் எங்கே?

செப்டம்பர் 14, சனி

சவுத் பாஸ்டனைப் பார்க்கப் போனேன். ரெட் லைன் ரயிலில் பிராட்வே, அங்கிருந்து 9-ஆம் நம்பர் பஸ். ஜி தெருவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. மேட்டின் மேல் பழைய சவுத் பாஸ்டன் ஹைஸ்கூல், பக்கத்தில் வெள்ளைக் கோபுரம். 1776-இல் வாஷிங்டன் பீரங்கி ஏற்றிய மேடு.

நாயோடு வந்த பெரியவர் தானாகப் பேச ஆரம்பித்தார். கல்லெறிந்தது தப்பு என்றார். “ஆனா ஜட்ஜ் வீடு பணக்காரப் புறநகர் வெல்லெஸ்லியில. அவர் தெருவுக்கு பஸ் போகலையே. ஏழைகளையும் ஏழைகளையும் மோத விட்டாங்க.”

அதில் உண்மை இருக்கிறது. டெட்ராய்ட் நகரப் பள்ளிகள் பற்றிய இதேபோன்ற வழக்கில், 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 5–4 என்று புறநகர்களை பஸ் திட்டத்துக்குள் சேர்க்காமல் விட்டுவிட்டது.

“நீங்க எங்கே இருக்கீங்க?”

லெக்சிங்டன் என்றேன். அதுவும் புறநகர்தான். “ஓ, நல்ல ஸ்கூலாச்சே” என்றார். பள்ளிக்கூடம் பார்த்துத்தான் வீடு வாங்கினோம். அதை அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

மகள் வகுப்பில் டார்செஸ்டர் பெண் ஒருத்தி, பாஸ்டன் பிள்ளைகளை புறநகர்ப் பள்ளிகளுக்கு பஸ்ஸில் அனுப்ப 1966-இல் ஆரம்பித்த மெட்கோ திட்டத்தில் வருகிறவள். ஐந்து மணிக்கே எழுந்து, பஸ்ஸில் பாதித் தூக்கமாம். இந்தச் சனிக்கிழமை பிறந்தநாளுக்கு அவள் வந்தே ஆகணும் என்கிறாள் மகள். அன்றைக்கு அந்த பஸ் கிடையாது. நானே போய்க் கூட்டி வந்து திரும்பக் கொண்டு விடுகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கேக்குக்கு முன்னால் காருக்குப் பெட்ரோல் போடணும்.