பெரிய கொலனி

“மிஸ், பெருசா இருக்கிறதையே எடுக்கவா?” பக்டீரியாக் கொலனிகள், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய புள்ளிகள், முளைத்த தட்டுக்கு மேல் பல்குச்சியைப் பிடித்தபடி மாணவி கேட்டார். “எடுங்க” என்றேன். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நின்ற வாழை. இலை குறுகி நிமிர்ந்து, காம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சை. முடிக்கொத்து வைரசேதான். அதன் டி.என்.ஏ. ஆறு ஒற்றை இழை வளையங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,100 எழுத்து. எல்லாவற்றிலும் ஓரிடத்தில் இழை தன்மேலேயே மடிந்து கொண்டையூசி போல நிற்கும். நுனியில் ஒன்பது எழுத்து. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் வைரசின் ரெப் புரதம் வெட்டினால்தான் பெருக்கம் தொடங்கும்.

இந்த வளையத்தை ஈ. கோலி பக்டீரியாவில் வைத்துப் பெருக்க நாங்கள் செய்யும் பிரதிதான் குளோன். அதிலிருந்து முழு வளையம் விடுபட, ஒரு கொண்டையில் வெட்டித் தொடங்கி இன்னொன்றில் வெட்டி முடிக்க வேண்டும். அதனால் ஒரே துண்டை அடுத்தடுத்து இரட்டையாக வைக்கிறோம். ஈ. கோலிக்கு அந்த இரட்டைதான் ஆகாது. பிரதியெடுப்பு தடுக்கி, முதல் துண்டிலிருந்து அதே மாதிரியான அடுத்ததற்குத் தாவினால் ஒரு பிரதி போய்விடும். துண்டைத் தாங்கும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட் அப்படிச் சிறுத்துவிட்டால், அதைச் சுமக்கும் செல் வேகமாகப் பெருகும். தட்டில் பெருத்து நிற்பது பல நேரம் அதுதான். இது எனக்குத் தெரியாததல்ல.

செருகிய இரட்டையின் இரு ஓரத்திலும் நொதியத்தால் வெட்டி, டி.என்.ஏ.யை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினோம். 2,200 எழுத்து அளவில் வரவேண்டிய பட்டை 1,100இல் பளிச்சென்று நின்றது; 2,200இல் ஒரு மங்கல் மட்டும். டி.என்.ஏ. எழுத்து வரிசையை ஓரங்களிலிருந்து வாசித்திருந்தால் ஏமாந்திருப்போம்: ஒரு பிரதி போனாலும் இரண்டு ஓரமும் பிழையில்லாமல் வாசிக்கும். அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

அந்த மங்கலைப் பார்த்து என்னைத் தேற்றிக்கொள்வேன். கொலனியை எடுத்தபோது முழுப் பிளாஸ்மிட்டும் அதில் இருந்திருக்கிறது. 37 பாகையில் இரவு முழுக்கக் குலுங்கிய திரவ வளர்ப்பில் சிறுத்தது முந்தியிருக்கலாம். ஒரே மாதிரியான துண்டுகளை இணைத்து மாற்றும் புரதமான ரெக்ஏ இல்லாத பக்டீரியாவைத்தானே எடுத்தோம்? ஆனால் ரெக்ஏ இல்லாவிட்டாலும் இந்தத் தாவல் அடியோடு நின்றுவிடாது. மார்கழிக் குளிரில் 37 வைத்தால் விடியும்போது தட்டு தயார் என்று அவசரப்பட்டதும் நான்தான்.

அடுத்த முறை 30 பாகை, இரண்டு நாள். சின்னப் புள்ளிகளாகப் பார்த்து எட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் 3 மில்லிலீற்றரில் வளர்த்து, கலங்கியதும் கிளிசரோல் கலந்து -80 பாகை உறைவுப்பெட்டிக்கு அனுப்பினோம். எட்டில் மூன்று அப்போதும் 1,100.

“அப்ப சின்னதும் நம்ப முடியாதா மிஸ்?” என்று கேட்டார். முதல் தட்டில் மீதியிருந்த பெரிய கொலனிகளையும் வெட்டிப் பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தத் தட்டை ஜெல் ஓட்டிய அன்றே நீராவியில் கிருமி கொல்லும் ஓட்டோகிளேவில் போட்டுவிட்டோம்.