2¹²⁷ − 1 பகா எண்தானா? பைத்தானில் லூகாஸ்–லேமர் சோதனை

எண் இதுதான்: 170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கம். 1876-ல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூகாஸ் இதைப் பகா எண் என்று கையாலேயே நிறுவினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் தெரியாது.

லூகாஸின் சோதனையைப் பின்னாளில் கணிதர் லேமர் எளிமையாக்கிய முறையில் வேலை சின்னதுதான். 4-ல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 2¹²⁷ − 1 ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது 125 தடவை. கடைசி மீதி 0 வந்தால் பகா எண். அடுக்கு 2 மட்டும் இதில் அடங்காது. அதைத் தனியாகக் கையாள வேண்டும்.

பெரிய எண்ணுக்குப் போகுமுன் இரண்டு சின்ன அடுக்குகளில் ஓட்டிவிடுங்கள். அடுக்கு 7-க்கு (2⁷ − 1 = 127) 4, 14, 67, 42, 111, 0 என்று வரும். அடுக்கு 11-க்கு 1736-ல் முடியும்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89, பகு எண். 'ஆம்' வர வேண்டியது ஒன்று, 'இல்லை' வர வேண்டியது ஒன்று என இரண்டும் கையில் இருக்கட்டும். ஏன் என்பது அடுத்த கட்டத்தில் தெரிந்துவிடும்.

அடுக்கு ஆயிரங்களைத் தொட்டதும் வகுத்தல் இழுக்கும். 2¹²⁷-ஐ 2¹²⁷ − 1 ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் வகுக்கவே தேவையில்லை: மேல் பிட்டுகளை (இரும இலக்கங்களை) வெட்டி எடுத்து, கீழ் 127 பிட்டுகளோடு கூட்டினால் போதும். கூட்டுத்தொகை 2¹²⁷ − 1-க்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருந்தால் ஒரே ஒரு முறை அதைக் கழிக்கலாம். இங்கேதான் கோளாறு. அந்த நிபந்தனையில் >= என்பதற்குப் பதில் > போட்டால், எந்த மெர்சென் பகா எண்ணுமே (2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் பகா எண்) தேறாது. அடுக்கு 7-ல் பாருங்கள்: 111² − 2 = 12319. மேலே 96, கீழே 31, கூட்டினால் 127. நேர் எண்ணை இப்படி மடித்தால் 0 ஒருபோதும் வராது. 0 வர வேண்டிய இடத்தில் வகுக்கும் எண்ணே வந்து நிற்கும். நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் தராது, பொய் மட்டும் சொல்லும். அடைப்புக்குறியையும் விடாதீர்கள்; பைத்தானில் கூட்டல்தான் & மற்றும் >> இரண்டுக்கும் முன்னால் நடக்கும்.

இன்னொரு வழி ஃபெர்மா சோதனை: ஓர் அடிமானத்தை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. அதை 2-ஐ அடிமானமாக வைத்து ஓட்டுவது வீண். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே தேறிவிடும், 2047 உட்பட. 3-ஐ வையுங்கள்.

முன்வடிகட்டல், அதாவது சோதனைக்கு முன்பே சின்னக் காரணி இருக்கிறதா என்று தேடுவது, நேரத்தை நன்றாக மிச்சப்படுத்தும். காரணி எதுவானாலும் அடுக்கின் இரட்டைப்படை மடங்கு ஒன்றோடு 1 கூட்டியதாக இருக்கும். 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. அடுக்கு 131-க்கு முதல் முயற்சியிலேயே 263 சிக்குகிறது. 67-க்கோ 193707721 வரை போக வேண்டும். தேடலை வர்க்கமூலத்தோடு நிறுத்தாவிட்டால், அடுக்கு 3-ல் 7 தன்னையே வகுத்து 'பகு எண்' ஆகிவிடும்.

அடுத்து அடுக்கு 19937. சோதனை 0-வில் சரியாக முடிந்தது, அச்சிடும்போது நிரல் விழுந்தது. புதிய பைத்தான் பதிப்புகள் இயல்பாக 4300 இலக்கத்துக்கு மேல் பதின்ம வடிவில் எழுதாது. இதற்கு 6002 இலக்கம். பதினாறடிமானத்துக்கு அந்த வரம்பு இல்லை. அதில் எழுதினால் முதலில் ஒரு 1, பின்னால் வரிசையாக 4984 'எஃப்'.