பாலும் ஆகாது, பருப்பும் ஆகாது: புரதத்துக்கு எங்கே போவது?

என் எடை 60 கிலோ. கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்ன கணக்குப்படி எனக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். சாப்பிடுவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார் டயட்டீஷியன். கூட்டிப் பார்த்தால் 30-ஐத் தாண்டவில்லை. "தினமும் சாம்பார் சாப்பிடறேனே மேடம்" என்றேன். "ஒரு கரண்டி சாம்பார்ல பருப்பு 10 கிராம் இருந்தா அதிகம்மா. அதுல புரதம் 2 கிராம் சொச்சம்" என்றார். எங்கள் வீட்டு சாம்பார் அதைவிடத் தண்ணீர்.

பாலைக் கூட்டு, பருப்பைக் கூட்டு, சாயங்காலம் சுண்டல் சாப்பிடு. எல்லோருக்கும் சொல்வது இதுதான். என் வயிற்றுக்கு ஆகாதவையும் இவைதான். ஒரு டம்ளர் பால் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்று உருள ஆரம்பிக்கும், அப்புறம் பாத்ரூமும் நானும்தான். கொண்டைக்கடலை சாப்பிட்டால் ராத்திரி முழுக்க உப்புசம். முட்டை எங்கள் வீட்டுக்குள் நுழையாது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பாதி தேவையே இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கிடையாது, கதை முடிந்தது.

வயிற்று டாக்டர் முதலில் கேட்டது, பால் குடித்தால் தடிப்பு வருமா, உதடு வீங்குமா, மூச்சு இழுக்குமா என்று. அப்படி இருந்தால் அது அலர்ஜி. துளி பட்டாலும் ஆபத்து, வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. எனக்கு அதெல்லாம் இல்லை, ஒவ்வாமல் போவது மட்டும்தான். இதற்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றில் லாக்டோஸ் கரைசலைக் குடித்துவிட்டு, சில மணி நேரம் அவ்வப்போது ஒரு கருவியில் ஊத வேண்டும். மூச்சில் ஹைட்ரஜன் 20 பிபிஎம் ஏறினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று அர்த்தம். "அதுக்கு முன்னாடி பாலைக் கொஞ்ச நாள் சுத்தமா நிறுத்திட்டு, திரும்ப ஆரம்பிச்சுப் பாருங்க. காசில்லாத டெஸ்ட்" என்றார். நிறுத்தினேன், அடங்கியது, குடித்தேன், வந்தது.

இதற்கு நடுவில் ஒரு லேப்காரர்கள், ஒரே ரத்த மாதிரியில் இருநூறு உணவுகளுக்கு 'ஒவ்வாமை' பார்த்துத் தருவதாகப் பின்னாலேயே வந்தார்கள். அது ஐஜிஜி டெஸ்ட். ஒரு உணவை நாம் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும், ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அல்ல. அலர்ஜி மருத்துவச் சங்கங்களே அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காசுக்கு நல்ல பன்னீர் வாங்கலாம்.

ஆமாம், பன்னீர். டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: என் வயிற்றைப் படுத்துவது புரதம் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சர்க்கரை. பாலில் லாக்டோஸ், பருப்பில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ். பின்னவற்றைச் செரிக்கும் என்ஸைம் மனுஷ வயிற்றிலேயே கிடையாது. பெருங்குடலில் பாக்டீரியா அதைத் தின்று வாயு விடும். சிலருக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது. மெல்போர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லோ ஃபாட்மேப்' உணவுமுறை இந்த மாதிரிச் சர்க்கரைகளைக் குறைப்பதுதான். இவையெல்லாம் தண்ணீரில் கரைகிறவை. தண்ணீரை வெளியேற்றினால் இவையும் பெரும்பாலும் வெளியேறிவிடும், புரதம் நின்றுவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. பாலில் எலுமிச்சை பிழிந்து திரிய விட்டு, துணியில் கட்டிப் பிழிகிறோம். அந்த இளம்பச்சை நிறத் தண்ணீரோடு லாக்டோஸின் பெரும்பங்கு போய்விடும். 100 கிராம் பன்னீரில் 18 கிராம் புரதம், வயிறு ஒரு சத்தம் போடவில்லை. சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கெட்டி டோஃபுவும் இதே சங்கதிதான். ஆனால் அதே சோயாவில் செய்த மீல் மேக்கரில் எண்ணெயை எடுக்கிறார்களே தவிர, சர்க்கரை அப்படியே நிற்கிறது. 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று ஆசை காட்டும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்தால் ஒரு கைப்பிடி தாங்குகிறது, அதற்கு மேல் இல்லை.

தயிர் சாப்பிடலாம், பாக்டீரியா லாக்டோஸில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டிருக்கும். காபிக்கு ஊற்றும் 50 மில்லி பாலில் இரண்டரை கிராம் லாக்டோஸ்தான் வரும். அது ஒன்றும் செய்வதில்லை. ஃபில்டர் காபியை விடச் சொல்லியிருந்தால் டாக்டரை விட்டிருப்பேன்.

பருப்பில்தான் அம்மாவோடு சண்டை. கடலையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தேன். "சத்தையெல்லாம் சிங்க்ல கொட்டறியேடி" என்று கத்தினாள். கொஞ்சம் சத்தும் போகத்தான் செய்யும், போகட்டும். பாசிப்பருப்பு துவரையைவிட லேசு, முளைகட்டினால் இன்னும் லேசு. இட்லி ஒத்துக்கொண்டு அடை ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிக்கிறது, உளுந்தின் சர்க்கரை அதிலேயே குறைந்துவிடுகிறது. அடைக்கு நாலு பருப்பை அரைத்து உடனே கல்லில் ஊற்றுகிறோம், அதுவும் கனமாக. இப்போது அடை ஒன்றோடு நிறுத்திவிடுகிறேன். சுண்டலுக்குப் பதில் அவித்த வேர்க்கடலை. அதில் இந்தச் சர்க்கரைகள் குறைவு.

இதிலேயே 45 கிராம் வரை வந்துவிடுகிறது. மிச்சத்துக்குத்தான் பவுடர். கிரியாட்டினின் பார்த்துவிட்டு, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்ற பிறகே டயட்டீஷியன் சரி என்றார்.

மருந்துக்கடையில் 'புரோட்டீன் பவுடர்' என்று கேட்டால் கையில் கொடுக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல டப்பாக்களில் முதல் சில பொருட்களுக்குள்ளேயே கொழுப்பு நீக்கிய பால்பவுடர் இருக்கும். அதில் பாதிக்குப் பாதி லாக்டோஸ். பால் திரிந்து வடியும் தண்ணீரிலிருந்து எடுக்கும் வே பவுடரில் இரண்டு ரகம்: கான்சன்ட்ரேட்டில் லாக்டோஸ் மிச்சம் இருக்கும், ஐசோலேட்டில் வடிகட்டி ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்திருப்பார்கள், விலையும் ஏறும். முன்பக்கம் 'ஐசோலேட்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் 'கான்சன்ட்ரேட்' முதலில், ஐசோலேட் பின்னால் என்று எழுதும் கம்பெனிகளும் உண்டு. எடை அதிகமானதுதான் பட்டியலில் முதலில் வரும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பால் வேண்டாம் என்று பட்டாணிப் புரதத்துக்குப் போனேன். பட்டாணியைப் பிரித்தெடுத்த ஐசோலேட், அதனால் வாயுத் தொல்லை வரக் கூடாது. வந்தது. பட்டியலில் கடைசிக்கு முந்தின வரியில் இன்யூலின், 'நார்ச்சத்து' என்ற பெருமையோடு. சிக்கரி வேரிலிருந்து எடுப்பது, அதுவும் பெருங்குடலில் நுரைக்கிற ரகம். புரோட்டீன் பாரில் இனிப்புக்குப் போடும் மால்டிட்டால், சார்பிட்டால் என்று வேறு பெயர்கள், தொல்லை அதேதான். இன்யூலின் இல்லாத, பட்டாணியும் அரிசியும் கலந்த பவுடர்தான் கடைசியில் நின்றது. பட்டாணியில் குறையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டும். ருசி? பச்சைப் பட்டாணி மாவைக் கரைத்துக் குடிப்பதுதான். தோசை மாவில் கலந்துவிடுகிறேன்.

காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறேன், அது உடம்பில் சேர்வதை இவை குறைக்கக்கூடும் என்பதால் சோயாவும் பவுடரும் சாயங்காலம்தான். கல்யாண வீட்டுப் பால் பாயசத்துக்குப் பர்ஸில் லாக்டோஸைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் மாத்திரை இருக்கிறது, முதல் வாயோடு போட வேண்டும். புதுப் பவுடர் எதுவானாலும் அரை ஸ்கூப்பில் ஆரம்பம், அந்த நாட்களில் வேறு புதுப் பண்டம் எதுவும் தொடுவதில்லை. ஒரு வேளைக்கான சின்ன பாக்கெட் விற்காத கம்பெனியின் ஒரு கிலோ டப்பாவை நான் வாங்குவதும் இல்லை.