இரண்டாம் சந்தி: பௌத்தவியல் நெட் தேர்வும் பத்து நாள் விபாசனாவும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டின் முடிவுகள் வந்துவிட்டன. பௌத்த, சமண, காந்திய, அமைதி ஆய்வுகள் பாடத்தில் உதவிப் பேராசிரியர் பணிக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் தகுதி பெற்றிருக்கிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை மட்டும் கைநழுவிப் போயிற்று. அந்த வருத்தம் இருந்தாலும், முதல் தாளின் புள்ளிவிவர அட்டவணைகளுக்கு முன்னால் இனி உட்கார வேண்டியதில்லை என்னும் நிம்மதியே இப்போது பெரிதாகத் தெரிகிறது. படிப்பின் நடுவே விபாசனா என்னும் பௌத்த தியான முகாமுக்குப் போனது தேர்வுக்குக் கைகொடுத்ததா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாள்களின் அமைப்பும் பாட அலகுகளும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிட்டு, இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மதிப்பெண்ணை எண்ணிக்கொண்டு முகாமுக்குப் போகிறவருக்கு அங்கே ஏமாற்றமே மிஞ்சும். ஆசிரியர் எஸ். என். கோயங்கா பரப்பிய விபாசனா மரபின் பத்து நாள் பயிற்சியில் புத்தகத்துக்கும் பேனாவுக்கும் இடமில்லை. கைபேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடித்தால், இரவு ஒன்பதரைக்கு விளக்கணையும் வரை மனத்தில் ஏற்கெனவே இருப்பதைத் தவிர வேறு துணை கிடையாது. ஆகவே எதை மனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்பது முக்கியமாகிறது. என்னைக் கேட்டால், அப்படி ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பன்னிரு சார்புகள், அதாவது ஒன்றைச் சார்ந்து மற்றொன்றாகத் துன்பம் தோன்றும் விதத்தைச் சொல்லும் பௌத்தத்தின் காரணச் சங்கிலி.

வடமொழிப் பெயர்களும் பாலிப் பெயர்களும் வினாத்தாளில் மாறி மாறி வருவதால், இந்தப் பன்னிரண்டையும் வரிசை குலையாமல் நினைவில் நிறுத்துவது பலருக்குக் கடினமாக இருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. மணிமேகலையின் முப்பதாவது காதை அவற்றைப் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று அடுக்கித் தருகிறது. வினைப்பயன் என்பதில் மூப்பும் சாவும் அடங்கும். இந்த வரிசை ஓசையோடு மனத்தில் பதிந்துவிட்டால், அவித்யா, சம்ஸ்காரம், விஞ்ஞானம் என்ற வடமொழி வரிசையை அதன்மேல் பொருத்திக்கொள்வது ஒரு மாலை வேலைதான். அதே காதை இந்தப் பன்னிரண்டையும் நான்கு கண்டங்களாகப் பிரித்து, கண்டங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை மூன்று சந்திகள் என்கிறது. பாலி உரையாசிரியர் புத்தகோசரின் விசுத்திமக்கம் என்ற நூலிலும் நான்கு தொகுதிகள், மூன்று சந்திகள் என்ற பகுப்பு உண்டு. பேதைமையும் செய்கையும் சென்ற பிறவியையும், உணர்வு முதல் பவம் வரையுள்ள எட்டும் இப்பிறவியையும், எஞ்சிய இரண்டும் வரும் பிறவியையும் குறிக்கும் என்ற விளக்கமும் அங்கே இருக்கிறது. வரிசைப்படுத்தும் வினா, பொருத்தும் வினா, கூற்று–காரண வினா ஆகிய மூன்றையும் இதிலிருந்து எளிதாகக் கேட்டுவிடலாம்.

அந்த மூன்று சந்திகளில் இரண்டாவது, நுகர்வும் வேட்கையும் சேரும் இடம். விபாசனாப் பயிற்சி முழுவதும் நடப்பது அந்த இடத்தில்தான். முதல் மூன்று நாட்களும் மூச்சைக் கவனித்து மனத்தைக் கூர்மையாக்கிய பிறகு, நான்காம் நாளில் தலை முதல் கால் வரை உடலில் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கக் கற்றுத்தருகிறார்கள். இனியவற்றை விரும்பாமலும் இன்னாதவற்றை வெறுக்காமலும் வெறுமனே பார்த்திருப்பதே பயிற்சி. கையையும் காலையும் அசைப்பதில்லை என்ற உறுதியோடு ஒரு மணி நேரம் உட்காரும்போது, முழங்காலில் எழும் வலி நுகர்வு என்பதும், ‘இது எப்போது போகும்’ என்று மனம் துடிப்பது வேட்கை என்பதும், இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவேனும் இடைவெளி இருக்கிறது என்பதும் உடம்பிலேயே தெரியவருகின்றன. பதிவாக ஒலிக்கும் ஐந்தாம் நாள் மாலை உரையில் கோயங்கா புத்தரின் நான்கு உண்மைகளையும் இந்தச் சார்புச் சங்கிலியையும் எடுத்துக்கொள்வதால், அன்றைக்கு நான் பாடம் கேட்பது போலல்ல, ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதன் விளக்கத்தைக் கேட்பது போல் உட்கார்ந்திருந்தேன். அந்த முகாமுக்குப் பிறகு இந்த வரிசையை நான் திருப்பிப் படிக்கவே இல்லை. தேர்வு அறையில் அது தானாக வந்தது.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். தியான மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டையும் மனத்துக்குள் ஓதக் கூடாது. ஓதுதல், ஜபம் முதலானவற்றைப் பயிற்சிக் காலத்தில் நிறுத்தி வைக்கச் சொல்வது அங்குள்ள விதி. அதோடு, சொற்கள் ஓடத் தொடங்கினால் உணர்ச்சியைக் கவனிக்க முடியாது என்பதும் உண்மை.

இதே சங்கிலி வேறு வடிவில் வரும் இடமான மகாநிதான சூத்திரத்தை, அதாவது புத்தரின் உரைகளடங்கிய பாலித் தொகுப்பான தீக நிகாயத்தின் பதினைந்தாம் சூத்திரத்தை, தனியாகக் கவனியுங்கள். அதில் பேதைமை, செய்கை, ஆறு வாயில்கள் ஆகிய மூன்றும் இடம்பெறுவதில்லை. எனவே அங்கே சங்கிலிக்கு ஒன்பது கண்ணிகளே. சார்புக் கொள்கை தனக்குத் தெளிவாகவே தெரிகிறது என்று புத்தரின் சீடர் ஆனந்தர் சொல்ல, அப்படிச் சொல்லாதே என்று புத்தர் தடுப்பதும் இந்தச் சூத்திரத்தின் தொடக்கத்தில்தான். இதுவும், அதே தொகுப்பில் இருபத்திரண்டாவதான, விழிப்புடன் கவனித்தலைப் பற்றிய மகாசதிபட்டான சூத்திரமும் குரு நாட்டின் கம்மாசதம்மம் என்ற ஊரிலேயே சொல்லப்பட்டவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

- முகாமுக்கும் தேர்வுக்கும் நடுவில் இரண்டு மாத இடைவெளியாவது இருக்கட்டும். மௌனத்திலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் சங்கீதிகள் எனப்படும் பௌத்தத் துறவியர் பேரவைகளின் ஆண்டுகளும் அரசர் பெயர்களும் மனத்தில் ஒட்ட மறுக்கின்றன.
- சென்னையைச் சேர்ந்தவர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது அருகில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.
- விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மறைக்காதீர்கள். கடுமையான மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது என்று அவர்களே தெளிவாகச் சொல்கிறார்கள்.
- ஒன்பதாம் நாள் உரையில் வரும் பத்துப் பாரமிதைகளை, அதாவது நிறைவாக்க வேண்டிய நற்குணங்களை, பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத மரபின் வரிசையில் மனப்பாடம் செய்யுங்கள். மகாயானத்தின் ஆறோடு ஒப்பிட்டுக் கேட்கும் வினாவுக்கு அது போதும்.
- கூட்டாகப் படிப்பதைத் தவிருங்கள். பலருக்கு அது நன்மை செய்வதாகச் சொல்கிறார்கள். எனக்கு யாராவது பக்கத்தில் உரக்கப் படித்தால் எழுத்தே ஓடாது.

தேரவாதத்தை விட்டு வெளியே வந்தால், விபாசனா முகாம் பாடத்துக்கு ஏறத்தாழ எதுவும் தருவதில்லை. மகாயானத் தத்துவவாதி நாகார்ஜுனர், மகாயானத்தின் யோகாசாரப் பிரிவு, திபெத்திய மரபு ஆகியவற்றில் தடுமாறுகிறவர்களுக்குத் தரம்சாலா அருகே தரம்கோட்டில் உள்ள துஷிதா மையத்தின் அறிமுகப் பயிற்சி பொருந்தும். 1972-இல் திபெத்தியத் துறவி லாமா யேஷே தொடங்கிய அந்த மையத்தில் உரையும் விவாதமும் தியானமும் கலந்திருக்கும், குறிப்பெடுக்கவும் தடையில்லை. கொடைக்கானல் பெருமாள்மலையில் உள்ள ஜென் தியான மையமான போதி ஜென்டோவும் நல்ல இடம்தான் என்றாலும், தேர்வு நெருங்கும்போது ஜென் அமர்வுக்குப் போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விடையைத் தேடும் மனத்தை அங்கே கழற்றி வைக்கச் சொல்வார்கள், நமக்கோ அந்த மனம் நூறு வினாக்களுக்குத் தேவைப்படுகிறது.

அடுத்த கட்டமான சதிபட்டானப் பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். எட்டு நாள் நடக்கும் அதில் மாலைதோறும் பதிவு உரையில் மகாசதிபட்டான சூத்திரத்தைப் பாலியில் ஓதிக் கோயங்கா விளக்குகிறார். நூலும் பயிற்சியும் ஒரே நாளில் சந்திப்பதால், படிப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான முகாம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் குறைந்தது மூன்று பத்து நாள் பயிற்சிகளை முடித்து, ஓராண்டாவது இந்த முறையை வீட்டில் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே முதுகலை முதலாண்டிலேயே முதல் முகாமுக்குப் போய்விடுகிறவர்களுக்கே தேர்வுக்கு முன் அது கைகூடும். எனக்கு அந்தத் தகுதி இப்போதுதான் வந்திருக்கிறது. ஆனால் நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும் என்பதால், பல்கலைக்கழக விண்ணப்பங்களை முதலில் அனுப்பிவிட்டு, நேர்முகத் தேர்வுத் தேதிகள் தெரிந்த பிறகே சதிபட்டானப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன்.